பந்திக்குப் பின்னால் நின்ற பெண்

- ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை



என் சிறுவயதில் எங்கள் தோட்டத்தில் ஒரு கல்யாணம் என்றால், ஒரு வாரத்துக்கு முன்பே லயத்தில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஆண்கள் காட்டுக்குள் போய் மூங்கிலும் கமுகும் வெட்டி வருவார்கள். பெண்கள் மசாலா இடிப்பார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் கோயில் திடலில் பந்தல் போடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு, பள்ளிப் பாடத்தை மறந்துவிடுவோம்.

இத்தனையையும் முன்னின்று நடத்தியவர் ஓர் அம்மாள். எல்லோரும் அவரைப் பெரியம்மா என்றுதான் அழைப்போம். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போவார். பிற்பகலில் கல்யாண வீட்டில் நிற்பார். எத்தனை பேருக்கு எத்தனை பால் டின் அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை கட்டு வாழையிலை என்பதெல்லாம் அவர் வாய்க்கணக்கு. மாப்பிள்ளை வீட்டார் லாரியில் எத்தனை மணிக்கு வந்து இறங்குவார்கள், யாரை எந்த வீட்டில் தங்க வைப்பது, எந்த இரு குடும்பங்களை ஒரே பந்தியில் உட்கார வைக்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அவர் கணக்கில் ஒரு பிடி சோறு குறைந்ததாக நான் கேட்டதில்லை.

கல்யாணம் முடிந்ததும் நன்றியுரை நடக்கும். கோயில் தலைவருக்கு மாலை, பெரிய கிராணிக்கு மாலை, லாரி கொடுத்தவருக்குத் துண்டு. பெரியம்மா அந்த நேரத்தில் பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் பெயரை யாரும் சொன்னதில்லை. அவர் உண்மைப் பெயர் என்னவென்று எனக்கே அவர் இறந்தபின் நோட்டீஸில் பார்த்துத்தான் தெரிந்தது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பெண் அண்மையில் என்னைப் பார்க்க வந்தாள். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஓய்வு நாட்களில் பிறந்தநாள், நிச்சயதார்த்தம் போன்றவற்றுக்கு மேடை அலங்காரம் செய்து கொடுக்கிறாள். இப்போது வேலையை விட்டுவிட்டு, திருமண ஏற்பாடுகளையே முழுத் தொழிலாகச் செய்ய ஆசை.

"டீச்சர், அப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாரு. அடுத்தவங்க வீட்டுக் கல்யாணத்துல எடுபிடி வேலை செய்யவா உன்னைப் படிக்க வச்சேன்னு கேக்குறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். அவள் தகப்பனார் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து உபசரித்தார். "டீச்சரம்மா, நீங்க சொன்னா சரிதான். ஆனா இது ஒரு வேலையா? இதுக்கு ஒரு பேரு இருக்கா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். முன்பு படித்திருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வரலாறு நினைவுக்கு வந்தது. அந்தத் தகப்பனாருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவரைப் போன்ற மற்றவர்களும் படிக்கட்டும்.

தட்டெழுத்திலிருந்து தொடங்கியவர்

அவர் பெயர் லெட்டிஷியா பால்ட்ரிஜ். 1926ஆம் ஆண்டு பிறந்தவர். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓமஹா என்ற நகரில் வளர்ந்தவர். தகப்பனார் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். வசதியான குடும்பம், பெயர்பெற்ற வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றவர். நம் பிள்ளைகளுக்கு இல்லாத ஏணி அவருக்கு இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஏணியும் ஓரளவுக்குத்தான் உதவியது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம் அது. வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டம் பெற்ற ஆணுக்கு அங்கே அதிகாரி வேலை. பட்டம் பெற்ற பெண்ணுக்கோ, தட்டெழுத்துத் தெரியுமா, சுருக்கெழுத்துத் தெரியுமா என்ற கேள்விதான். அவர் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. போய்த் தட்டெழுத்துக் கற்றுக்கொண்டார். அந்தத் தகுதியோடுதான் பாரிஸ் நகரிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் நுழைந்தார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது தூதரின் விருந்துகளைக் கவனிக்கும் செயலாளர் வேலை. யாரை அழைப்பது, யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது, என்ன சமைப்பது, எத்தனை மணிக்குக் கார்கள் வர வேண்டும், என்ன பூ வைப்பது என்பதுதான் வேலை. பிறகு ரோமாபுரியில் கிளேர் பூத் லூஸ் என்ற பெண் தூதரிடம் 1953 முதல் அதே வேலையைச் செய்தார். ஒரு பெண் அதிகாரம் செலுத்துவதை அருகிலிருந்து பார்த்தது அவருக்கு ஒரு படிப்பாகவே அமைந்தது எனலாம்.

நாடு திரும்பியதும், நியூயார்க்கில் புகழ்பெற்ற டிஃபனி நகை நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் முதல் பெண் நிர்வாகி அவர்தான். விருந்து ஏற்பாடு செய்யக் கற்றவர், வியாபாரத்தையும் கற்றார்.

1961ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் கென்னடி அமெரிக்க அதிபரானார். அவர் மனைவி ஜாக்குலின், லெட்டிஷியா படித்த அதே பள்ளியிலும் கல்லூரியிலும் சில ஆண்டுகளுக்குப் பின் படித்தவர். வெள்ளை மாளிகையின் விருந்துகளையும் விழாக்களையும் நடத்தும் பொறுப்பு லெட்டிஷியாவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து கூட நிரம்பவில்லை. உயரம் மட்டும் ஆறடி ஓரங்குலம்! கூட்டத்தில் எங்கே நின்றாலும் தெரிவார்.

முதல் விருந்திலேயே ஒரு குட்டு

வேலை தொடங்கிய சில நாட்களிலேயே அவருக்கு ஓர் அடி விழுந்தது. ஜனவரி 29ஆம் தேதி நடந்த வரவேற்பில் விருந்தினர் தாமே போய் வாங்கிக்கொள்ளும்படி மதுபானம் வைக்கப்பட்டிருந்தது. சாம்பல் தட்டுகளும் இருந்தன. வெள்ளை மாளிகையில் அப்படி ஒரு வழக்கம் அதற்கு முன் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. மறுநாள் கண்டனம் எழுந்தது.

நம் ஊரிலும் இதே கதைதான். சாப்பாடு நன்றாக இருந்தால் சமையல்காரருக்குப் பெயர். பந்தல் அழகாக இருந்தால் பந்தல்காரருக்குப் பெயர். எங்காவது ஒன்று தவறினால் ஏற்பாடு செய்தவருக்கு ஏச்சு. இந்தத் தொழிலுக்கு வருகிற பெண் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அந்த ஏச்சைக் கேட்டு அவர் ஒதுங்கிப் போகவில்லை. ஆறே மாதத்தில், அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று தலைமேல் வந்தது.

கரண்டும் குசினியும் இல்லாத இடத்தில் விருந்து

1961 ஜூன் மாதம் கென்னடி தம்பதியர் ஐரோப்பா சென்றபோது பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் அவர்களுக்குப் பெரிய விருந்து நடந்தது. ஜாக்குலினின் மனத்தில் அது பதிந்துவிட்டது. பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் ஜூலையில் அமெரிக்கா வரவிருந்தார். அவருக்கான விருந்தை வெள்ளை மாளிகையில் நடத்தாமல், அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் பண்ணை வீட்டில் நடத்த முடிவாயிற்று.

பொட்டாமக் ஆற்றங்கரையில், தலைநகரிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. பதினெட்டாம் நூற்றாண்டு வீடு. நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுவதால் உள்ளே ஓர் ஆணி அடிக்கவும் இடமில்லை. நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சமைக்கக் குசினி இல்லை. உணவைக் குளிரில் வைக்க வசதி இல்லை. வந்தவர்களுக்குப் போதிய கழிவறையும் இல்லை. ஆற்றங்கரை ஆதலால் கொசுவுக்கு மட்டும் குறைவில்லை.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வீடு அரசாங்கத்துக்குச் சொந்தமானதன்று. பாழடைந்துகொண்டிருந்த அதை வாங்கிக் காப்பாற்றியது ஒரு பெண்கள் சங்கம். ஆன் பமேலா கன்னிங்காம் என்ற பெண்மணி 1853இல் தொடங்கிய அச்சங்கம், நாடெங்கும் நிதி திரட்டி, 1858இல் விலை பேசி முடித்தது. ஆக, நாட்டின் அதிபரே விருந்து வைப்பதானாலும் அந்தப் பெண்களிடம் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும்!

ஏறக்குறைய ஒரு மாத அவகாசம். லெட்டிஷியா வேலையில் இறங்கினார். சமையல் வெள்ளை மாளிகையில் நடந்து, லாரிகளில் ஏற்றிப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வந்தது. புல்வெளியில் பெரிய கூடாரம் எழுந்தது; அதன் அலங்காரத்துக்கு அவருடைய பழைய நிறுவனமான டிஃபனி கைகொடுத்தது. இசைக்குழுவுக்கு மேடை கட்டப்பட்டது. கொசுவுக்கு மருந்து அடிக்கப்பட்டது. அந்த மருந்து சாப்பாட்டில் பட்டுவிடக்கூடாதே என்ற கவலை வேறு!

ஜூலை 11ஆம் தேதி மாலை, நூற்று முப்பது பேர் அளவிலான விருந்தினர் படகுகளில் ஏறி, ஆற்றின் வழியே வந்து இறங்கினார்கள். பழங்காலப் போர்வீரர்கள் போல உடையணிந்தவர்கள் அணிவகுத்துத் துப்பாக்கி முழக்கினார்கள். கூடாரத்தில் விருந்து; நட்சத்திரங்களின் கீழே தேசிய இசைக்குழுவின் இசை. வந்தவர்கள் கண்டது அதைத்தான். லாரியையும் ஜெனரேட்டரையும் கொசு மருந்தையும் யாரும் நினைக்கவில்லை. நினைக்காதபடி செய்வதுதான் அந்த வேலை.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் நினைவுதான் வந்தது. குழாய்த் தண்ணீர் நின்றுபோன நாளிலும், இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் அணைந்துவிடும் தோட்டத்திலும் அவர் முந்நூறு பேருக்குப் பந்தி நடத்தியவர். லெட்டிஷியாவுக்குப் பின்னால் ஓர் அரசாங்கமே இருந்தது. பெரியம்மாவுக்கு நாலைந்து அத்தைமாரும் ஒரு கைவிளக்கும்தான்.

எதிராளிக்கும் ஓர் இலை

இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. 1962 ஏப்ரல் 29ஆம் தேதி நோபல் பரிசு பெற்றவர்களுக்கு வெள்ளை மாளிகையில் விருந்து. பரிசு பெற்றவர்கள் மட்டும் நாற்பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். மற்ற அறிஞர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து, ஒரு மண்டபம் போதாமல் இரண்டு அறைகளில் மேசை போட வேண்டியதாயிற்று.

அந்த விருந்தினரில் ஒருவர் லைனஸ் பாலிங் என்ற விஞ்ஞானி. அணுகுண்டுச் சோதனையை எதிர்த்தவர். விருந்து நாளன்று பகலில் அவர் வெள்ளை மாளிகை வாசலிலேயே பதாகை ஏந்தி மறியல் செய்தார். மாலையில் உடை மாற்றிக்கொண்டு அதே வாசல் வழியாக விருந்துக்கு வந்தார். அவருக்குரிய நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது.

அழைத்த பிறகு முகம் சுளிக்கக்கூடாது. நம் பாட்டிமார்களும் இதைத்தானே சொன்னார்கள்? பங்காளிச் சண்டை இருந்தாலும் பந்தியில் இலை போட்டுவிடு என்பார்கள். ஒரு கல்யாணத்தில் பேசாத இரண்டு குடும்பங்களைச் சண்டையில்லாமல் சாப்பிட வைத்து அனுப்புவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தன் பெயரில் ஒரு தொழில்

லெட்டிஷியா 1963இல் வெள்ளை மாளிகை வேலையை விட்டார். நாட்டிலேயே பெரிய வீட்டில் வேலை பார்த்தவர். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம். அவரோ 1964இல் சிகாகோ நகரில் தன் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கினார். திருமணமாகி, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே அந்தத் தொழிலையும் வளர்த்தார்.

தனக்குத் தெரிந்ததை எழுதியும் வைத்தார். 1978இல் அமெரிக்கர்கள் பெரிதும் பயன்படுத்திய ஏமி வாண்டர்பில்ட்டின் மரியாதை முறை நூலைக் காலத்துக்கேற்பத் திருத்தி வெளியிட்டார். அதே ஆண்டு டைம் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் போட்டது. 1985இல் அலுவலகங்களில் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பெண்களும் ஆண்களும் சரிசமமாக வேலை செய்யத் தொடங்கிய காலம் அது. கதவருகே முதலில் போகிறவர் ஆணோ பெண்ணோ, அவரே திறக்கட்டும் என்பது அவர் கொள்கை. 2012 அக்டோபரில், எண்பத்தாறாம் வயதில் அவர் காலமானார்.

விருந்துக்கு ஆள் அழைக்கும் செயலாளராகத் தொடங்கியவர், நாடே ஆலோசனை கேட்கும் பெண்மணியாக முடிந்தார். வேலை கிட்டத்தட்ட அதேதான். அதற்கு ஒரு பெயரையும் ஒரு விலையையும் அவரே வைத்தார். அதுதான் அவர் வெற்றி.

நம் பெண்களுக்குச் சில வார்த்தை

இப்போது நம் பக்கம் வருவோம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, நம் மக்கள் பட்டணத்துக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் போய்விட்டார்கள். மூங்கில் வெட்ட காடும் இல்லை, மசாலா இடிக்க லயத்துப் பெண்களும் இல்லை. கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டது. பெரியம்மா சும்மா செய்ததை இன்று காசு கொடுத்துத்தான் செய்துகொள்ள வேண்டும். ஆகவே, அதைத் தொழிலாகச் செய்கிற பெண் யாருக்கும் எடுபிடி அல்ல. மண்டபக்காரர், சமையல்காரர், நாதஸ்வரக்காரர், படம் பிடிப்பவர், பூக்காரர் எல்லோரையும் ஒரு கயிற்றில் கட்டி இழுக்கிற தலைவி அவள்.

ஆனால் ஆசை மட்டும் போதாது. தொழிலாகச் செய்வதென்றால் தொழில் போலவே செய்ய வேண்டும்.

முதலாவது, பதிவு. மலேசியாவில் வியாபாரம் தொடங்கிய முப்பது நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வியாபாரப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஒரு சேலைக்குக் கொடுக்கும் காசைவிடக் குறைவு. "இதுக்கு ஒரு பேரு இருக்கா?" என்று அந்தத் தகப்பனார் கேட்டாரே, அந்தப் பெயரை எழுதிக் கொடுக்கிற இடம் அதுதான்.

இரண்டாவது, எழுத்து. எத்தனை மேசை, என்ன அலங்காரம், எத்தனை மணி, என்ன விலை என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமானாலும் முன்பணம் வாங்குங்கள். சொந்தம் கெடுவது பணம் கேட்பதாலன்று, பேசாமல் விட்டதைப் பிறகு பேசுவதால்தான்.

மூன்றாவது, சேமிப்பு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கல்யாணங்கள் ஒரே நாளில் நின்றன. பந்தல்காரர்களும் சமையல்காரர்களும் அலங்காரம் செய்வோரும் மாதக்கணக்கில் வருமானமின்றித் தவித்ததை நாம் கண்ணால் பார்த்தோம். வாங்கிய முன்பணத்தையெல்லாம் செலவழித்திருந்தவர்கள் இரட்டைத் துன்பம் பட்டார்கள். வாடிக்கையாளர் முன்பணம் வேறு, நம் வருமானம் வேறு. இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள்.

நான்காவது, பாதுகாப்பு. ஏணியில் ஏறிப் பூத்தொங்கல் கட்டுகிற வேலை இது. சொந்தத் தொழில் செய்வோருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 2017ஆம் ஆண்டே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. உதவிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் நியாயமான கூலி கொடுங்கள். பெரியம்மாவுக்கு நாம் செய்ததை அவர்களுக்கும் செய்யாதீர்கள்.

கைமுதல் இல்லையே என்று கலங்கும் தாய்மார்களுக்கும் வழி இருக்கிறது. 1987இல் தொடங்கப்பட்ட அமானா இக்தியார் மலேசியா, ஈடு கேட்காமல் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அமைப்பு. அருகிலுள்ள கிளைக்குப் போய் விசாரியுங்கள். வட்டிக்காரரிடம் மட்டும் போக வேண்டாம்.

போன வாரம் மறுபடியும் அந்தத் தகப்பனார் வீட்டுக்குப் போனேன். மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் தலை நிமிராமல், "டீச்சரம்மா, அந்தப் பெரியம்மா... எங்க கல்யாணத்தையும் அவங்கதான் செஞ்சு வச்சாங்க. ஒரு சேலை கூட எடுத்துக் குடுக்கல நாங்க" என்றார்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, "பதிவு ஆபீசு எங்கம்மா இருக்கு? சனிக்கிழமை தொறந்திருக்குமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை திறந்திருக்காது, திங்கட்கிழமை போகலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் தன் வியாபாரத்துக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். பெரியம்மாவின் பெயர்தான்.